வறட்டு இருமலுக்குக் காரம் எதற்கு?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டில் யாராவது இருமத் தொடங்கினால், அடுத்த வேளைக்குள் அடுப்பில் கஷாயம் ஏறிவிடும். சுக்கைத் தட்டிப் போடுவார்கள், மிளகைப் பொடித்துப் போடுவார்கள், திப்பிலியும் சித்தரத்தையும் இருந்தால் அவையும் சேரும். தொட்டியில் இருக்கும் துளசியும் கற்பூரவள்ளியும் பறிபடும். குடிப்பவருக்குக் கண்ணில் நீர் வர வேண்டும், தொண்டை எரிய வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிறோம். நெஞ்சில் கோழை கட்டிக்கொண்டு, இருமும்போதெல்லாம் சளி வெளியே வரும் இருமலுக்கு இந்தக் காரக் கஷாயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜலதோஷம் விட்டுப் பத்து நாளான பிறகும், தொண்டையில் அரிப்பும் குறுகுறுப்புமாக, துளிக் கோழைகூட வராமல், படுத்தால் தொடங்கி விடியும்வரை தூங்கவிடாத வறட்டு இருமலுக்கும் அதே கஷாயத்தைத்தான் கொடுக்கிறோம். அது பொருந்தாது. வறட்டு இருமலுக்கு வேண்டியது தொண்டையை ஆற்றும் மருந்து. கோழையை அறுக்கும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. நம் மரபில் இரண்டு வகை மருந்தும் உண்டு. எந்த இருமலுக்கு எதை எடுப்பது என்ற பகுப்புதான் பல வீடுகளில் விட்டுப்போயிருக்கிறது.

இருமல் உடலுக்குக் காவல். குரல்வளையிலும் மூச்சுக்குழாயின் உட்சுவரிலும் நரம்பு முனைகள் இருக்கின்றன. தூசியோ, புரையேறிய சோற்றுப் பருக்கையோ, கோழையோ பட்டால் அவை வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். மறுகணமே குரல்வளை மூடி, நெஞ்சுத் தசைகள் இறுகி, அடைபட்ட காற்று வெடித்து வெளியேறும். வெளியேற்ற ஏதாவது இருக்கும்வரை இந்த ஏற்பாடு உயிரைக் காப்பது. அதை அடக்கக் கூடாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். வைரஸ் தாக்கிய மூச்சுக்குழாயின் மேல்சவ்வு ஆங்காங்கே உரிந்துவிடுகிறது, கீழே இருக்கும் நரம்பு முனைகளுக்கு மறைப்பு இல்லாமல் போகிறது. வீக்கத்தில் சுரக்கும் பொருட்கள் அந்த முனைகளின் கூருணர்வை இன்னும் ஏற்றிவிடுகின்றன. வைரஸ் போன பிறகும் இது உடனே தணிவதில்லை. குளிர்ந்த காற்று, ஊதுவத்திப் புகை, மிளகாய் தாளிக்கும் நெடி, கொஞ்சம் உரக்கப் பேசுவது, சிரிப்பது என எது பட்டாலும் இருமல் கிளம்பும். திருடன் ஓடிப்போன பிறகும் விடியும்வரை குரைக்கும் நாயின் நிலைதான் அந்த நரம்புக்கு. போதாக்குறைக்கு, ஒவ்வொரு இருமலும் புண்பட்ட இடத்தையே திரும்பத் திரும்ப உரசுவதால் இருமலே அடுத்த இருமலுக்குக் காரணமாகிறது. இங்கே வெளியே தள்ள எதுவும் இல்லை. சவ்வு ஆறும்வரை நரம்பைச் சாந்தப்படுத்தி வைத்தால் போதும்.

சவ்வு ஆற எத்தனை நாளாகும்? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மார்க் எபெல் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. சளி இருமல் வந்தால் எத்தனை நாளில் நிற்கும் என்று பொதுமக்களைக் கேட்டபோது, 7 முதல் 9 நாள் என்ற அளவில் பதில் வந்தது. முன்பு நடந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தால் சராசரி 17.8 நாள். நாம் எதிர்பார்ப்பதைப் போல இரண்டு மடங்கு. இந்த இடைவெளியில்தான் எல்லாக் குழப்பமும் நடக்கிறது. எட்டாம் நாள் பொறுமை போய் மருந்தை மாற்றுகிறோம், பன்னிரண்டாம் நாள் இன்னொன்று, பதினாறாம் நாள் யாரோ சொன்ன மூன்றாவது மருந்து. இருமல் நிற்கப் போகும் நேரத்தில் கையில் இருந்த மருந்துக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒரு மூலிகையைப் பற்றிப் பேசும்போது "குடித்தேன், நின்றது" என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் இடையே என்ன வேறுபாடு என்று பார்க்க வேண்டும். இரண்டரை வாரத்தை இரண்டு நாளாகக் குறைக்கும் மூலிகை எதுவும் இல்லை. அந்த இரண்டரை வாரத்து இரவுகளில் தூங்கவைக்கும் மூலிகைகள் இருக்கின்றன. இருமி இருமி விலா நோகும் ஒருவருக்கு அது சின்ன உதவி இல்லை.

சித்த மருத்துவம் இருமலை ஒரே நோயாகக் கருதவில்லை. வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் எது மிகுந்திருக்கிறது என்று பார்த்து, கோழையில்லாத வறண்ட இருமலை வளியோடும் கோழை மிகுந்ததை ஐயத்தோடும் சேர்த்துப் பேசுகிறது. இனிப்பும் நெய்ப்பும் வளியைத் தணிக்கும், காரமும் கசப்பும் துவர்ப்பும் ஐயத்தைக் குறைக்கும் என்பது சுவைகளைப் பற்றி அது சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று. வளி, ஐயம் என்ற கோட்பாட்டை இன்றைய உடலியலோடு வரிக்கு வரி பொருத்திக் காட்ட வேண்டிய தேவையில்லை. அப்படிப் பொருத்த முயன்றால் இரண்டுக்குமே நியாயம் செய்ய முடியாது. ஆனால் நோயாளியைப் பக்கத்திலிருந்து கவனித்து அவர்கள் கண்ட வேறுபாடு உண்மையானது. கடையில் "இருமல் கஷாயப் பொடி" என்று ஒரே பொட்டலமாக வாங்கப் பழகிய பிறகுதான் அந்த வேறுபாடு நம் கையைவிட்டுப் போனது.

காரத்தைப் பற்றி ஆய்வுக்கூடம் சொல்வதையும் கேட்கலாம். ஒரு புது மருந்து இருமலை அடக்குகிறதா என்று சோதிக்க, முதலில் ஒருவரை இருமவைக்க வேண்டும். அதற்கு விஞ்ஞானிகள் பயன்படுத்துவது மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின். கரைசலாக்கி மெல்லிய தூவலாக மூச்சில் இழுக்கவைத்தால், சில நொடிகளில் இருமல் வந்துவிடும். நரம்பு முனையில் கேப்சைசின் போய் ஒட்டும் ஏற்பிக்கு டிஆர்பிவி1 என்று பெயர். சூட்டையும் எரிச்சலையும் உணர்வது அதன் வேலை. மிளகின் பைப்பரினும், இஞ்சி சுக்கின் காரச்சத்துகளும் தூண்டுவது இதே ஏற்பியைத்தான். மூச்சில் இழுப்பது வேறு, வாயால் குடிப்பது வேறு என்று யாராவது மறுத்தால், அது நியாயமான மறுப்பு. நாள்பட்ட இருமல் உள்ளவர்களுக்கு ஸ்வீடனில் கேப்சைசினைச் சில வாரம் உறை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது, நரம்பின் கூருணர்வு குறைந்ததும் உண்டு. ஆனால் அங்கே காரம் உறைக்குள் இருந்தது, புண்பட்ட தொண்டையில் படவில்லை. நம் கஷாயமோ தொண்டையை நனைத்துக்கொண்டே இறங்குகிறது, அதன் ஆவி மூக்கில் ஏறுகிறது. பாலில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போட்டால் குற்றமில்லை. வாயில் நீர் ஊறவைக்கும் அளவுக்கு அது நல்லதே. கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரம் ஏறியிருந்தால், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் இடத்தை மேலும் எரியவைக்கிறோம் என்று பொருள்.

அப்படியானால் காரக் கஷாயம் குடித்த பலருக்கு உடனே இதமாக இருக்கிறதே, அது எப்படி? அதில் கரைத்திருக்கும் பனங்கற்கண்டையும் வெந்நீரையும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் 2012இல் ஒரு சோதனை நடந்தது. நலமாக இருந்தவர்கள் சர்க்கரை நீரால் வாயைக் கொப்பளித்த பிறகு கேப்சைசின் தூவலை இழுத்தார்கள். வெறும் நீரில் கொப்பளித்தபோது இருமல் வந்த அளவு, இனிப்புக்குப் பிறகு போதவில்லை, அதிகம் தேவைப்பட்டது. நாக்கில் பட்ட இனிப்பே இருமல் கிளம்பும் வாசலை உயர்த்தியிருக்கிறது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி ஆராய்ச்சி மையத்தை நடத்திய ரான் எக்கிள்ஸ் 2008இல் சளி பிடித்த 30 பேருக்குப் பழரசத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறையின் வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார். இருமல் இரண்டு தரப்பிலும் தணிந்தது. தொண்டை வலியும், குளிரும், அசதியும் சூடாகக் குடித்தவர்களுக்கு மட்டும் தணிந்தன. இனிப்பு எச்சிலை ஊறவைக்கிறது, எச்சில் விழுங்கவைக்கிறது, விழுங்கும் செயல் இருமும் செயலைத் தடுக்கிறது. கொழகொழப்பான பாகு சவ்வின்மேல் படிந்து சிறிது நேரம் மூடியிருக்கிறது. வறட்டு இருமலுக்கு ஏற்ற மூலிகை என்று நான் சொல்வது இந்த வேலையைச் செய்பவற்றைத்தான்.

அவற்றில் தேனுக்குத்தான் சான்று அதிகம். செடியிலிருந்து நேராக வருவதில்லை என்றாலும், தேன் இல்லாமல் நம் மூலிகை வைத்தியமே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2007இல் இருமலால் இரவில் தூங்காத 105 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். படுக்கப்போகும் முன் சிலருக்குத் தேன், சிலருக்குத் தேன் மணம் சேர்த்த டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் என்ற இருமல் மருந்து. மற்றவர்களுக்கு எதுவுமே இல்லை. மறுநாள் பெற்றோரிடம் கேட்டதில், தேன் வாங்கியவர்கள்தான் நன்றாகத் தூங்கியிருந்தார்கள். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் வாங்கியவர்களுக்கும் எதுவும் வாங்காதவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தேனின் ருசியே இந்த முடிவைத் தந்துவிட்டதோ என்ற ஐயத்துக்கு இஸ்ரேலில் 2012இல் விடை தேடினார்கள். ஒன்று முதல் ஐந்து வயதுள்ள 300 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குத் தேனைப் போலவே நிறமும் இனிப்பும் உள்ள பேரீச்சம் பாகைக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மூன்று வகைத் தேனில் ஒன்றை, 10 கிராம் அளவில். பாகு வாங்கியவர்களுக்கும் இருமல் குறைந்தது. தேன் வாங்கியவர்களுக்கு அதைவிட அதிகமாகக் குறைந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வழக்கமான கவனிப்பைவிடத் தேன் மேல் என்றே முடிவு வந்தது. நம் வீடுகளில் கஷாயத்துக்குத் துணையாகக் கடைசியில் சேர்க்கும் தேன்தான், வறட்டு இருமலில் முன்னால் நிற்க வேண்டிய மருந்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான் என்பதை மறக்கக் கூடாது.

செடிகளில் என் முதல் தேர்வு அதிமதுரம். இது தமிழ்நாட்டில் இயல்பாக விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து வேராகக் காய்ந்து வந்து, நாட்டு மருந்துக் கடைச் சாக்கில் சுள்ளி சுள்ளியாகக் கிடக்கும். வெளியே பழுப்புத் தோல், சுருக்கங்களோடு இருக்கும். ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெளிர்மஞ்சளாக, நார் நாராகப் பிரியும். சிறு துண்டை வாயில் அடக்கி மென்றால் முதலில் மண்வாசனையும் மரத்தின் சுவையும்தான் தெரியும்; பிறகு மெல்ல இனிப்பு ஏறி, வேரைத் துப்பிய பின்னும் வெகுநேரம் தொண்டையில் தங்கும். அந்த இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் சர்க்கரையைப் போல 30 முதல் 50 மடங்கு இனிப்பது. வேரில் உள்ள லிக்குரிட்டின் வகைப் பொருட்கள் கினிப் பன்றிகளிடம் இருமலை அடக்கியதாக ஆய்வுகள் உண்டு. விலங்கில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மனிதரிடம் கிடைத்த நல்ல சான்று, அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து வருகிறது. மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதால் தொண்டை புண்ணாகி, நினைவு திரும்பியதும் வலியும் இருமலும் வரும். வியன்னாவில் 236 நோயாளிகளை மயக்கத்துக்கு முன், பாதிப் பேரை அதிமதுர நீராலும் பாதிப் பேரை சர்க்கரை நீராலும் கொப்பளிக்கச் சொன்னார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, அதிமதுரத்தால் கொப்பளித்தவர்களிடம் தொண்டை வலி பாதியாகக் குறைந்திருந்தது. ஒப்பிட்டது சர்க்கரை நீரோடு என்பதால், வெறும் இனிப்பைத் தாண்டி அந்த வேரில் ஏதோ இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பயன்படுத்தும் முறை எளியது. பொடியாக வாங்குவதைவிட வேராக வாங்குவது நல்லது. கலப்படமும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும். சுண்டுவிரல் நீளத்தில் பாதித் துண்டை இடித்து, ஒரு தம்ளர் நீரில் முக்கால் தம்ளராகும்வரை கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். வெதுவெதுப்பாக ஆறிய பின் வாய் வாயாக உறிஞ்சிக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் தொண்டையில் நிற்க வேண்டியது வயிற்றுக்குப் போய்விடும். தேன் சேர்ப்பதானால் ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி. இருமல் இரவில்தான் படுத்துகிறது என்பதால், படுக்கப்போகும் முன் குடிப்பதில்தான் பலன் அதிகம். அடுத்து, பனங்கற்கண்டும் மஞ்சளும் போட்ட பால். பால் சளியைக் கூட்டும் என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 60 தன்னார்வலர்களுக்குச் சளி வைரஸைக் கொடுத்து, எவ்வளவு பால் குடிக்கிறார்கள், எவ்வளவு சளி வருகிறது என்று எடைபோட்டே பார்த்துவிட்டார்கள். பாலால் சளி கூடவில்லை என்று 1990இல் எழுதினார்கள். பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் சற்றுத் தடித்து நிற்பதைத்தான் நாம் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். வறண்ட தொண்டைக்கு அந்தத் தடிப்பு நல்லதுதான்.

மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்ற நம்பிக்கைக்கு அதிமதுரமே பதில் சொல்லும். நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் 1940களில் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்தபோது புண் ஆறியது. கூடவே சிலருக்கு முகமும் கணுக்காலும் வீங்கின. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை கிளிசிரைசின் தடுக்கிறது. அதனால் உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். அதிமதுர மிட்டாயை அளவில்லாமல் தின்பவர்களுக்குத்தான் இது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனில் 28 இளைஞர்களும் இளம்பெண்களும் தினம் 100 மில்லிகிராம் கிளிசிரைசின் அமிலத்தை இரண்டு வாரம் உட்கொண்டபோது, அவர்களின் ரத்த அழுத்தம் சராசரியாக 3.1 புள்ளி உயர்ந்தது என்று 2024இல் தெரியவந்தது. இரண்டு மூன்று கிராம் வேரிலேயே அந்த அளவு கிடைத்துவிடக்கூடும். அதனால்தான் ஒரு வேளைக்குப் பாதித் துண்டு, நாளுக்கு ஒரு வேளை அல்லது இரண்டு வேளை, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறேன். ரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் போக மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தொடவே வேண்டாம். அவர்களுக்குப் பாலும், சர்க்கரை நோய் இல்லையென்றால் தேனும் இருக்கின்றன.

மற்ற மூலிகைகளுக்கு வருவோம். இருமல் என்றதும் நினைவுக்கு வருவது ஆடாதோடை. வேலியோரம் வெள்ளைப் பூவோடு நிற்கும். கசப்பால் ஆடுமாடு வாய் வைக்காது. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை 1960களில் உருவாக்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் இன்று சிரப்புகளில் காணும் ஆம்ப்ராக்சால். இரண்டும் கெட்டியான கோழையை இளக்கி வெளியேற்றுபவை. இலையின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே சான்றுதான், கோழையே இல்லாத இருமலில் ஆடாதோடைக்கு வேலை குறைவு என்றும் சொல்கிறது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. கற்பூரவள்ளியும் கோழைக்காரருக்கே உரியது. அதன் தடித்த, பூனைமயிர் படர்ந்த இலையைக் கசக்கினால் வரும் ஓமவாசனை கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்ப் பொருட்களிலிருந்து வருகிறது. ஐரோப்பாவில் இருமலுக்குத் தரும் தைம் செடியிலும் இவைதான் உள்ளன, அங்கேயும் நல்ல பலன் கண்டது சளியோடு கூடிய இருமலில். தூதுவளையின் நிலை இரண்டுக்கும் நடுவில். ஆஸ்துமா நோயாளிகளிடம் அது ஓரளவு மூச்சை எளிதாக்கியதாகச் சென்னை ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். வறட்டு இருமலுக்கு அதை மிளகு ரசமாக்காமல், இலையின் அடிநரம்பிலும் ஓரத்திலும் இருக்கும் கொக்கி முள்ளை நறுக்கி எடுத்துவிட்டு, நெய்யில் வதக்கிச் சாதத்தில் பிசைந்து சாப்பிடும் பழைய முறையே மேல்.

இனி, மருத்துவர்கள் சிலர் எழுப்பும் மறுப்பு. இதெல்லாம் சர்க்கரைத் தண்ணீரின் பலன், மனத்தின் நம்பிக்கை, இதை மருத்துவம் என்று எப்படிச் சொல்வது? எக்கிள்ஸ் 2002இல் எழுதிய கட்டுரை இந்த மறுப்புக்கு வலுச்சேர்ப்பதாகத் தோன்றும். இருமல் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளை அலசி, கிடைக்கும் நிவாரணத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் மருந்தில்லாத பாகிலேயே கிடைத்துவிடுகிறது என்று அவர் காட்டினார். ஆனால் அந்த எண் மூலிகைக்கு எதிரானதா? கடையில் விற்கும் சிரப்பின் பெயருக்கும் விலைக்கும் உரிய ரசாயனம் செய்வது மிச்சமுள்ள பங்கை மட்டும்தான் என்றே அது சொல்கிறது. பெரும்பங்கு வேலையைச் செய்வது இனிப்பும், கொழகொழப்பும், உறிஞ்சிக் குடிக்கும் செயலும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் என்றால், அந்தப் பெரும்பங்கைத் தேனும் அதிமதுர நீரும் தருவதை எதற்காகத் தாழ்வாகப் பேச வேண்டும்? ஆபத்தையும் எடைபோட வேண்டியிருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரான அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. இது எல்லா சிரப்பின் கதையும் இல்லை. ஆனாலும் தானாக ஆறிவிடும் ஒரு தொந்தரவுக்காகக் குழந்தைகள் அந்த ஆபத்தின் அருகே கொண்டுபோகப்பட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல் சிரப் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் அதையொட்டி அறிவுறுத்தியது.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் சிலசமயம் இருக்கும் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் விதைத்துகள், முதிராத குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கும்போது தேன் தொடுவதும், உரைமருந்தைத் தேனில் குழைப்பதும் இதனால் கைவிட வேண்டிய பழக்கங்கள். கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கச் செய்வதும் அப்படித்தான். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை எந்தத் தீக்காயப் பிரிவிலும் பார்க்கலாம்.

ஆற்றும் மருந்தில் ஒரு சங்கடம் உண்டு. எந்தக் காரணத்தால் வந்த இருமலானாலும் அது கொஞ்சம் ஆற்றிவிடும். அதனால் காரணம் மறைந்து கிடக்கும். இரண்டு வாரத்தைத் தாண்டி இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்ட விதி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். பதினெட்டு நாள் சராசரி என்று முன்பு சொன்னது சாதாரணச் சளி இருமலுக்கு. காசநோய் பரவியிருக்கும் நாட்டில் அந்தச் சராசரியை நம்பிக் காத்திருக்க முடியாது. கஷாயம் ஒரு பக்கம் நடக்கட்டும், பரிசோதனை இன்னொரு பக்கம் நடக்க வேண்டும். இருமலில் ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். இரவில் வீசிங்கோடு வருவது ஆஸ்துமாவாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்ததும் புளித்த ஏப்பத்தோடு வருவது வயிற்று அமிலத்தால் இருக்கலாம்.

நம் வீடுகளில் அதிகம் தவறவிடப்படுவது இன்னொரு காரணம். ரத்தக் கொதிப்புக்கு எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரை சாப்பிடுபவர்களில் நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு வறட்டு இருமல் வருகிறது. மாத்திரை தடுக்கும் நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைப்பது. அது சிதையாமல் தேங்கி, மூச்சுக்குழாய் நரம்பைத் தூண்டிக்கொண்டே இருக்கும். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, மாதக்கணக்கில் இருமல் மட்டும். மாத்திரை தொடங்கிச் சில மாதம் கழித்தும் வரலாம் என்பதால், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட பெரியவர் இருமலுக்கு இதம் என்று தினமும் அதிமதுர நீர் குடித்தால், எதற்காக மாத்திரை சாப்பிடுகிறாரோ அந்த ரத்த அழுத்தத்தையே ஏற்றிக்கொள்கிறார். இருமலும் நிற்காது. அவர் செய்ய வேண்டியது, மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், இருமல் எப்போது தொடங்கியது என்று சொல்வது. தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் இருமல் அடங்கிவிடும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்வரைகூட ஆகலாம்.